பழைய கணினியில் ஐந்து போர்ட் சாட்டா கார்டு: தங்கச்சிமடத்தில் பதினான்கு மாத அனுபவம்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருபது ஆண்டுகளாகப் புகைப்பட, வீடியோ ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். கல்யாணம், சடங்கு, ஆலயத் திருவிழா, புதுப் படகைக் கடலில் இறக்கும் நாள் என்று தீவுக்குள்ளும், பாலம் தாண்டி மண்டபம், உச்சிப்புளி வரையிலும் எடுத்த எதையும் நான் அழிப்பதில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் முகம் தெரிகிற காட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அவர் வீட்டார் கடைப்படி ஏறி வருவது இங்கே நடக்கிற காரியம். ‘இடம் போதவில்லை, அழித்துவிட்டேன்’ என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மினிடிவி கேசட் காலத்தில் ஒரு மணி நேரக் காட்சி கணினியில் 13 ஜிபி பிடித்தது. இப்போது நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி கேட்கிறது. இரண்டு கேமரா வைத்து எடுக்கும் ஒரு கல்யாணம் 300 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து வைப்பதற்கு 2012இல் வாங்கிய கணினி ஒன்றைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். இன்டெல் எச்61 மதர்போர்டு, இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 பிராசஸர், 8 ஜிபி ராம். எடிட்டிங் எல்லாம் வேறு புதிய கணினியில் நடப்பதால், கோப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இந்தப் பழைய கணினி இன்றும் தாராளமாகப் போதும். குறை ஒன்றுதான்: மதர்போர்டில் டிஸ்க்கின் கேபிளை மாட்டும் சாட்டா போர்ட் நான்குதான் உண்டு. ஒன்றில் விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி.யும் மற்ற மூன்றில் ஹார்ட் டிஸ்க்குகளும் இருந்தன, மூன்றும் நிரம்பிவிட்டன. யு.எஸ்.பி.யில் வெளியே தொங்கும் டிஸ்க் வாங்கலாம் என்றால், எச்61 சிப்செட்டில் இருப்பது யு.எஸ்.பி. 2.0 மட்டுமே. நடைமுறையில் நொடிக்கு 35 எம்பிதான் நகரும். ஒரு டிபியை ஏற்ற எட்டு மணி நேரம் ஆகும்; நடுவில் கரண்ட் போனால் அவ்வளவு உழைப்பும் வீண். அதே டிஸ்க்கைச் சாட்டாவில் மாட்டினால் நொடிக்கு 150 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகி, போர்ட்டுகளைக் கூட்டித் தரும் சாட்டா கார்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். நான் முதலில் வாங்கியது, இந்த மதிப்புரையில் பேசப்போகும் கார்டு அல்ல. இணையத்தில் பார்த்துப் பத்து போர்ட் கொண்ட ஒரு கார்டை வரவழைத்தேன். பத்து போர்ட் இருந்தும் அதன் செருகுமுனை, தரவு போக ஒரே பாதை கொண்ட மிகச் சிறிய எக்ஸ்1 அளவுதான் என்பதைக் கண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த வகைக் கார்டுகள் பலவற்றில் டிஸ்க்குகளை இயக்கும் உண்மையான கண்ட்ரோலர் சிப் இரண்டு போர்ட்டுக்கு உரியதாகவே இருக்கும். அந்த இரண்டையும் போர்ட் மல்டிப்ளையர் என்ற துணைச் சிப்புகளைக் கொண்டு பிரித்துப் பத்தாகக் காட்டுவார்கள். ஒரு குழாயில் ஐந்து பேர் குடம் வைத்துக் காத்திருப்பதைப் போல ஐந்து டிஸ்க்குகள் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்ளும். வேகம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தால் அதே வழியில் இருக்கும் மற்ற டிஸ்க்குகளும் சேர்ந்து திரையிலிருந்து மறைந்துவிடுவதுதான் பொறுக்க முடியாதது. எனக்கு அது மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை நடந்தபோது திருப்பி அனுப்பும் கெடு முடிந்துபோயிருந்தது.

அதன் பிறகு ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் உள்ள ஒரு கணினிக் கடையில், ஜேஎம்பி585 என்ற சிப் உள்ள ஐந்து போர்ட் கார்டை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தச் சிப், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகையில் இரண்டு பாதைகளைப் பயன்படுத்தி, 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் ஐந்தைத் தானே நேரடியாகத் தருகிறது. இடையில் மல்டிப்ளையர் எதுவும் கிடையாது. வாங்கப்போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் போர்ட் எண்ணிக்கையைப் பார்க்காமல் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். இரண்டு டிஸ்க் மட்டும் சேர்த்தால் போதும் என்பவர்களுக்கு ஏஎஸ்எம்1061 சிப் உள்ள இரண்டு போர்ட் கார்டு போதுமானது, விலையும் மிகக் குறைவு. ஆறு போர்ட் வேண்டுவோருக்கு ஏஎஸ்எம்1166 உண்டு.

என் கார்டின் செருகுமுனை எக்ஸ்4 நீளம் கொண்டது. பழைய மதர்போர்டுகளில் காணப்படும் குட்டி எக்ஸ்1 ஸ்லாட்டின் பின்புறம் மூடியிருப்பதால் அதில் இது நுழையாது. கிராபிக்ஸ் கார்டுக்கென்று இருக்கும் நீண்ட ஸ்லாட்டில்தான் மாட்ட முடியும். நான் தனிக் கிராபிக்ஸ் கார்டு போடாமல் பிராசஸரில் உள்ளதையே பயன்படுத்துவதால் அந்த ஸ்லாட் காலியாக இருந்தது. இரண்டாம் தலைமுறைப் பிராசஸர் தருவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வேகம்தான். பாதை ஒன்றுக்கு நொடிக்கு 500 எம்பி வீதம் இரண்டு பாதைக்கும் சேர்த்து ஏட்டளவில் 1,000 எம்பி கிடைக்கிறது. கார்டு முழு வேகத்தில் ஓடவில்லை என்று இதைப் பார்த்து வருந்த வேண்டியதில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று நொடிக்கு 150 முதல் 200 எம்பிக்கு மேல் பொதுவாகத் தராது. நான்கு டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் படிக்க வைத்துப் பார்த்தேன்; மொத்தம் 620 எம்பி வந்தது, எந்த டிஸ்க்கும் இன்னொன்றுக்காகக் காத்து நிற்கவில்லை.

மாட்டிய முதல் நாளில் திரையில் படமே வரவில்லை. நீண்ட ஸ்லாட்டில் ஏதோ ஒரு கார்டு இருப்பதைக் கண்ட பயாஸ் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்), அது கிராபிக்ஸ் கார்டு என்று எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிட்டது. கார்டைக் கழற்றி, பயாஸுக்குள் போய், முதல் டிஸ்ப்ளே எது என்று கேட்கும் இடத்தில் உள்ளமைந்த கிராபிக்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீண்டும் செருகியதும் எல்லாம் சரியாயிற்று. இந்தச் செய்தி கார்டோடு வந்த தாளில் இல்லை. விண்டோஸ் 10 எந்த டிரைவர் மென்பொருளும் கேட்காமல் தன்னிடம் உள்ள ஏ.எச்.சி.ஐ. என்ற பொதுவான சாட்டா டிரைவரைக் கொண்டே கார்டை ஏற்றுக்கொண்டது. லினக்ஸிலும் அப்படியே. விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி.யை மட்டும் மதர்போர்டு போர்ட்டிலேயே விட்டுவையுங்கள். பழைய பயாஸ் இத்தகைய கார்டிலிருந்து கணினியைத் துவக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டதால் இந்தக் கணினிக்கு இணைய இணைப்பை நான் துண்டித்துவிட்டேன். கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கோடு மட்டும் பேசுகிறது.

புதிய 4 டிபி டிஸ்க்கை முதன்முதலாக விண்டோஸில் திறக்கும்போது எம்பிஆர் வேண்டுமா, ஜிபிடி வேண்டுமா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். இரண்டும் டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று கணக்கு வைக்கும் முறைகள். எம்பிஆர் என்பது பழைய முறை. 512 பைட் அளவுள்ள கட்டங்களை 32 பிட் எண்ணால் எண்ணுவதால் 2,048 ஜிபிக்கு மேல் அதற்குக் கணக்கு வராது. அதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் கணக்கில் 3,726 ஜிபி வரும் 4 டிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 1,678 ஜிபி தொட முடியாமல் கிடக்கும். டிஸ்க் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். தரவு வைக்கும் டிஸ்க்குக்கு ஜிபிடியே போடுங்கள்.

இனி சொல்லப்போவது கார்டைப் பற்றியதன்று, ஆனால் கார்டைவிட முக்கியமானது. பழைய கணினியில் டிஸ்க் சேர்ப்பவர்கள் எல்லோரும் கண்ட்ரோலரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். டிஸ்க்குக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேபினட்டோடு வந்த, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சாட்டா மின்முனைகள் போதாததால், ஒரு முனையை நான்காகப் பிரிக்கும் வயர் ஒன்றை 120 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பதினொன்றாம் நாள் சாயங்காலம், கடையைச் சாத்தப்போகிற நேரத்தில், மீன்வலை எரிவது போன்ற ஒரு நெடி வந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மூடியைத் திறந்து பார்த்தபோது, பிரிக்கும் வயரின் தலைமுனையில் கறுப்புப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் கொப்புளம் போல் உப்பியிருந்தது. விரலால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டியது. மஞ்சள் வயர் உள்ளே நுழையும் இடத்தில் உறை சுருங்கி, செம்புக் கம்பி ஒரு நெல்லளவு வெளியே தெரிந்தது. அந்த வேளையில் நான் கடையில் இல்லாதிருந்தால் டிஸ்க்குகளோடு கடையும் போயிருக்கும்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். சாட்டா மின்முனையில் பதினைந்து ஊசிகள் உண்டு. அவற்றில் 12 வோல்ட்டுக்கு உரியவை மூன்று. ஊசி ஒன்று 1.5 ஆம்பியர் தாங்கும் என்பதால் ஒரு முனை மொத்தம் 4.5 ஆம்பியர் வரைதான் தாங்கும். பெரிய ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகம் கேட்பதில்லை. ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்க் ஒரே நேரத்தில் எழுந்தால் 8 ஆம்பியர். 4.5 தாங்கும் முனையிடம் தினமும் காலையில் 8 கேட்டிருக்கிறேன். இதோடு, அந்த வயரின் முனை அச்சில் வார்க்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. சூடான பிளாஸ்டிக்கை ஊற்றி வார்க்கும்போது உள்ளே இருக்கும் தகடுகள் இடம் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கிவிடுவது உண்டு என்பதால், தீப்பிடித்த கதைகள் பலவும் இந்த வகையைப் பற்றியவையே. வயரைத் தகட்டோடு தனித்தனியே நசுக்கிப் பொருத்தி, பின்னால் மூடி போட்ட வகைதான் நம்பத்தக்கது. பின்பக்கத்தைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

தீர்வாக, ஆறு சாட்டா மின்முனைகள் இரண்டு தனி வயர்களில் வரும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை 4,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மேலும் தேவைப்பட்ட முனைகளைச் சாட்டாவிலிருந்து பிரிக்காமல், பழைய பெரிய நாலூசி மோலெக்ஸ் முனையிலிருந்து எடுத்தேன். அதன் தடித்த ஊசி கூடுதல் மின்னோட்டம் தாங்கும். கார்டின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இந்த மின்சார ஏற்பாட்டுக்குச் செலவானது. இந்தக் கணக்கைச் சேர்க்காமல் கார்டு மலிவு என்று எழுதுவது நேர்மையாகாது.

அடுத்தது உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் எப்படி அரிபடுகின்றன என்று சோதிப்பதற்கு மண்டபம் முகாம் கடற்கரையைத் தேர்ந்துகொண்டது என்றால், நம் காற்றைப் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை. எங்கள் கடை கடலிலிருந்து நானூறு அடி. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மேசைக் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மதியம் விரல் வழுக்கும். கார்டு மாட்டி ஏழாவது மாதம், ஒரு டிஸ்க் மட்டும் கோப்புகளை நகர்த்தும்போது விட்டுவிட்டு நின்றது. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன்.

கடையில் இருந்த இளைஞர் டிஸ்க்கைத் தம் கணினியில் மாட்டி, அது தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைத் திரையில் காட்டினார். கெட்டுப்போன இடங்களைக் குறிக்கும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளிலும் பூஜ்யம். 199ஆம் வரியில் மட்டும் 214. “அண்ணே, டிஸ்க்குல ஒண்ணும் இல்ல. இந்த நம்பர் ஏறுச்சுன்னா வழியிலதான் கோளாறு. கேபிளையும் கார்டையும் கொண்டாங்க” என்றார். டிஸ்க்குக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே போகும் தரவு சிதைந்து மறுபடி அனுப்ப நேர்ந்த தடவைகளையே அந்த வரி எண்ணுகிறது. மறுநாள் கார்டைக் கொண்டுபோனேன். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே இரண்டாம் போர்ட்டைக் காட்டினார். ஏழு ஊசிகளில் ஓரத்து ஊசியின் அடியில், ஊறுகாய் ஜாடியின் பித்தளை மூடியில் படிவது போல, கடுகளவு பச்சை பூத்திருந்தது. மெல்லிய தூரிகையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அதை எடுத்தார். கார்டின் செருகுமுனையில் உள்ள பொன்முலாம் பூசிய பட்டைகளை வெள்ளை ரப்பரால், முலாம் தேயாதபடி ஒரே திசையில் இரண்டு முறை மட்டும் தேய்த்து, அதே ஆல்கஹாலால் துடைத்தார். கார்டோடு வந்த கேபிளை ஒதுக்கிவிட்டு, உலோகக் கொக்கி உள்ள கேபிள்களைப் போடச் சொன்னார். கொக்கி இருந்தால் விசிறியின் அதிர்வில் முனை நெகிழாது. நெகிழாத இடத்தில் உப்பும் எளிதில் புகாது. கூலி என்று வாங்கியது 200 ரூபாய். 199ஆம் வரியில் ஏறிய எண் எப்போதும் இறங்காது என்பதால் இன்றும் அந்த டிஸ்க்கில் 214 என்றே காட்டுகிறது. ஏழு மாதமாக 215 ஆகவில்லை.

இதே உப்புக்குப் பயந்து, டிஸ்க்கின் முதுகில் இருக்கும் சிறு துளையின்மேல் டேப் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்ய வேண்டாம். அந்தத் துளைக்குப் பின்னால் வடிகட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் வெளியோடு சமமாவதற்கே அந்தத் துளை, அதை மூடாதே என்று டிஸ்க்கின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்க்குகளில்தான் துளையில்லாமல் முழுக்க அடைத்திருக்கும்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க்குகளை அடுத்தடுத்த தட்டில் அடைத்தபோது சித்திரையில் 52 டிகிரி காட்டியது. சிடி டிரைவ் இருந்த மேல் தட்டுக்கு ஒன்றை மாற்றி, முன்பக்கம் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வைத்ததும் 43க்கு இறங்கியது. கார்டின் சிப்புக்கு மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடு தொடும் சூட்டில்தான் இருக்கிறது, குறையில்லை.

எச்61 காலத்துக்கும் முந்தைய கணினி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் இல்லாமல் பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட் மட்டும் இருந்தால், சிலிக்கான் இமேஜ் 3114 போன்ற நான்கு போர்ட் கார்டுகள் பழைய சந்தையில் கிடைக்கும். ஆனால் அந்த ஸ்லாட்டுகள் எல்லாமும் சேர்ந்து பங்கிடும் வேகமே நொடிக்கு 133 எம்பிதான். பட்டை கேபிளில் ஓடும் ஐ.டி.இ. டிஸ்க்கில் உள்ளதை ஒருமுறை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் சரி. புதிதாகச் சேமிப்பதற்கு அதில் பணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கார்டில் எனக்கு நிறைவில்லாதவை மூன்று. உடன் வந்த ஐந்து கேபிள்களும் கொக்கியில்லாத மெல்லிய வகை. ஐந்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. கேபினட்டோடு பிணைக்கும் இரும்புத் தகடு முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு கொடுத்திருந்தால் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்திருப்பேன். எந்த டிஸ்க் வேலை செய்கிறது என்று காட்டும் விளக்கு இணைப்பும் இல்லை. அதனால் ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளைப் பட்டையில் எழுதி, மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்து போர்ட்டில் நான்கில் மட்டுமே டிஸ்க் மாட்டியிருக்கிறேன். சென்ற தை மாதம் மதர்போர்டில் இருந்த பழைய டிஸ்க் ஒன்றில் 197ஆம் வரி பூஜ்யத்திலிருந்து 8 ஆயிற்று. படிக்க முடியாமல் திணறும் இடங்கள் உருவாகின்றன என்று அதற்குப் பொருள். அன்றிரவே புதிய டிஸ்க் ஒன்றை ஐந்தாவது போர்ட்டில் மாட்டி, பழையதில் இருந்த 2.6 டிபியையும் ஐந்து மணி நேரத்தில் மாற்றினேன். ஒரு கோப்பும் விட்டுப்போகவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை அதன் இடத்துக்கு மாற்றி, ஐந்தாவது போர்ட்டை மறுபடியும் காலியாக்கி, உப்பு ஏறாமல் இருக்க அதன் வாயில் ரப்பர் மூடி ஒன்று செருகி வைத்திருக்கிறேன்.